வரால் திரும்பி வரும் வரைக்கும்

அந்த மேடத்துக்கு எதிரில் நின்றுகொண்டு யாரையும் "கொஞ்சம் இங்கே வாங்க" என்று கூப்பிட்டுவிடக் கூடாது. கூப்பிட்டால், வந்தவர் உங்கள் காரியத்தை முடித்துத் திரும்பும்வரை அவர் விட்டுவந்த இடத்தில் நீங்கள் போய் நிற்க வேண்டும். மேடம் வாய் திறந்து சொல்ல மாட்டார். உங்களையும் அந்தக் காலி இடத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். இரண்டாவது பார்வைக்கே எனக்கு வியர்த்துவிடும். மூன்றாவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் போய் நின்றிருப்பேன்.

எனக்கு வியர்ப்பதற்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தம்பானூரில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேஜையில் இருபது வருடத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறேன். போலீஸ்காரர் யாராவது கழிப்பறை எங்கே என்று கேட்க உள்ளே வந்தால்கூட, நான் செய்யாத குற்றங்களை மனதுக்குள் வரிசையாக ஒப்புக்கொண்டுவிடுவேன். அவர் போனதும், பயந்ததையே கதையாக்கி ஒரு வாரம் மற்றவர்களைச் சிரிக்க வைப்பேன். பிழைப்பு அப்படி ஓடுகிறது.

மேடம் என்று நான் கூப்பிட்டேனே தவிர, மீன்துறையில் அவர் ஒப்பந்தப் பணியாளர்தான். குளம், காயல் என்று சுற்றிக் குறிப்பெடுத்து மேலே அனுப்புகிற வேலை. நாற்பது வயதிருக்கும். பொன்முடித் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். இந்த ஊர்த் தமிழர்கள் எல்லோரையும் போல, தமிழில் ஏறிய வாக்கியத்தை மலையாளத்தில் இறக்கிவிடுவார்.

அவரை முதலில் பார்த்தது எங்கள் லாட்ஜ் வாசலில். மாடியில் தங்கியிருந்த ஓர் அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வந்தவர், எங்கள் வாட்ச்மேனை ஒரு ஜெராக்ஸ் எடுத்துவர அனுப்பினார். அனுப்பிவிட்டு வாட்ச்மேனின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"உள்ளே ஃபேனுக்குக் கீழே இருக்கலாமே, மேடம்."

"நான்தானே அவரைப் பறஞ்சு விட்டது. வர்ற வரைக்கும் நான் இருக்கணும், அல்லே?"

ஜெராக்ஸ் கடையில் கூட்டம். அந்த இடைவெளியில் எங்கள் முதலாளி வந்து சேர்ந்தார். மடித்துக் கட்டிய முண்டும் தோளில் ஒரு பலாப்பழமுமாக அவரைப் பார்த்தால் முதலாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேடம் எழுந்து குறுக்கே நின்றார்.

"பேரு எழுதிட்டுப் போணும், சாரே."

"இது எண்டெ லாட்ஜாணு."

"ஆயிக்கோட்டெ. புக்குல எழுதிட்டுப் போங்க."

நான் மேஜைக்குக் கீழே குனிந்து, கீழே விழாத பேனாவைத் தேடத் தொடங்கினேன். தலையைத் தூக்கியபோது முதலாளி பலாப்பழத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தார். பிறகு போய்ப் பார்த்தேன். 'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில் 'சும்மா' என்று இருந்தது.

இன்னொரு முறை கிழக்கேகோட்டையில், பஸ் நிற்கிற இடத்தில், பூக்காரியின் கூடைக்குப் பின்னால் இவர் உட்கார்ந்திருந்தார். கண் தெரியாத ஒரு பெரியவருக்குப் பஸ் பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எந்த பஸ் எங்கே நிற்கும் என்பது பூக்காரிக்குத்தான் தெரியும். அவளை அனுப்பியது மேடம். ஆகவே பூ விற்பதும் மேடம். நான் வீட்டுக்காரிக்காக இரண்டு முழம் கேட்டேன். அளந்தார். கொடுக்க நீட்டியவர் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, சரத்தின் நுனியில் நாலு விரல் அளவு நறுக்கி எடுத்துக்கொண்டார்.

"என்ன மேடம், கொடுத்ததைப் பிடுங்குதீங்க?"

"எனக்கு நீளக் கை, அண்ணா. அந்தச் சேச்சிக்குக் குட்டைக் கை. அவங்க இருந்தா எவ்வளவு கிடைக்குமோ அதுதான் உங்களுக்கு."

நல்ல மனுஷிதான். ஆனால் அவர் பக்கத்தில் யாரும் காலை நீட்டி உட்கார முடியாது. அவருடைய அலுவலகத்தில் அடுத்த மேஜைக்காரரை டீக்குக் கூப்பிடுகிற வழக்கமே ஒழிந்துவிட்டது என்று கேள்வி. அவர் வருவதைப் பார்த்தால் நானே எதிர்ச்சாரிக்குப் போயிருக்கிறேன், இரண்டு முறை. ஒரு முறை அங்கே சாக்கடை மூடி திறந்திருந்தது.

இனி மீன் விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம் ஒன்று உண்டு: தூண்டில். நகரத்துக்குத் தெற்கே ஒரு நன்னீர்க் காயல் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் தூண்டிலோடு வந்துவிடுவீர்கள். அங்கே நாங்கள் பதினாலு பேர் ஒரு சங்கமாகச் சேர்ந்து மீன் பிடித்து, படம் எடுத்து, திரும்பவும் தண்ணீரில் விட்டுவிடுவோம். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கோட்டைக்குள் அக்ரகாரத் தெருக்காரர். பிறந்ததிலிருந்து மீன் தின்றதில்லை. பிடித்து விடுகிற சங்கத்துக்குத் தலைவராக இருக்க இதைவிட என்ன தகுதி வேண்டும்?

அந்த வருடம், ஜூன் மாத எடவப்பாதி மழை தொடங்கியதிலிருந்து இரண்டு மாதம் காயலில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று ஒரு விதி வரப்போவதாகத் தெரிந்தது. புதுத் தண்ணீர் வந்ததும் மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற காலம் அது. வலைக்காரர்கள் முணுமுணுத்தபடியே ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாமல் துள்ளியவர்கள் நாங்கள். 'பிடித்த மீனை உயிரோடு விட்டுவிடுகிற எங்களுக்கு எதற்குத் தடை?' என்று தலைவர் மூன்று பக்கத்துக்கு மனு எழுதினார். நேரில் செய்துகாட்டவும் தயார் என்று கடைசி வரியில் சவால் வேறு. விதிவிலக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று பார்த்து எழுத, துறை ஓர் ஆளை அனுப்பியது. ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கடவில், அதாவது படகுத்துறையில், வந்து இறங்கியவரைப் பார்த்ததும் நான் தலைவரின் குடைக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"லாட்ஜ் அண்ணாவும் இதுலயா?" என்றார் மேடம்.

இரண்டு தென்னைகளுக்கு நடுவே சங்கத்தின் பேனர் கட்டியிருந்தது. அதற்குக் கீழே மேடத்துக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நானும் தலைவரும் வள்ளத்தில் போய் ஒரு மீனைப் பிடித்துவந்து, பேனருக்கு முன்னால் படம் எடுத்து, நல்லபடியாக விட்டுக்காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. என்னைத் தேர்ந்தெடுக்கத் திறமை காரணமல்ல. தூண்டிலில் இரைக்குப் பதிலாக மாட்டுகிற என்னுடைய பிளாஸ்டிக் தவளை புதிது.

அரை மணி நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. தூறல். கரையில் பன்னிரண்டு குடைகள், நடுவில் ஒரு நாற்காலி, எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. தவளை தாமரை இலையில் விழுந்தது. தலைவரின் தொப்பியில் விழுந்தது. ஒரு முறை என் சட்டைக் காலரிலேயே மாட்டிக்கொண்டது.

இங்கே விராலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அது வரால். முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிற மீனல்ல. குஞ்சுகள் ஓரளவு வளரும்வரை கூடவே நிற்கும். அந்தக் குஞ்சுக் கூட்டத்தைப் பார்ப்பு என்பார்கள். செக்கச்செவேலென்று ஆயிரக்கணக்கில், நீர்மட்டத்தில் ஒரு சிவப்புப் பாயைப் போல நகரும். நேர் கீழே பெரியது காவல் நிற்கும். பாய்மேல் எது விழுந்தாலும், பசி இருக்கிறதோ இல்லையோ, பாய்ந்து கடிக்கும். அதை ஏமாற்ற ஒரு வித்தையும் வேண்டாம். ஆகவே பார்ப்புமேல் தூண்டில் எறிவதில்லை என்று எங்கள் சங்கத்துக்குள்ளேயே ஒரு பேச்சு உண்டு.

தலைவர் துடுப்பை நிறுத்தினார். "ஓய், தாமரைக்கு அந்தாண்ட பாத்தீரா?"

"பாத்தேன்."

"என்ன பாத்தீர்?"

"ஒண்ணும் பாக்கல."

"நானும் ஒண்ணும் பாக்கலை. எறியும்."

எறிந்தேன். தவளை அந்தச் சிவப்பின் நடுவில் விழுந்தது. தண்ணீர் வெடித்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு வரால்.

அப்புறம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மீனைத் தண்ணீர் நிறைந்த வாளியில் வைத்து, இருநூறு அடிக்கு மேல் துடுப்புப் போட்டுக் கடவுக்குக் கொண்டுவந்தோம். பேனரை வள்ளத்தில் கட்ட முடியாதல்லவா? ஈரக் கையால் தூக்கினேன், படம் எடுத்தார்கள், கடவிலேயே விட்டேன். மீன் வாலை அடித்துக்கொண்டு போயிற்று. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினார்: "தண்ணிக்கு வெளியே பன்னிரண்டே செகண்ட்!" குடைகள் கைதட்டின.

மேடம் கைதட்டவில்லை. "இத எங்கேருந்து கொண்டு வந்தீங்க?"

நான் காயலின் பொதுவான திசையில் கையை வீசினேன்.

"காட்டுங்க."

தலைவர் தனக்குப் பிரஷர் என்றார். நான் மட்டும் துடுப்புப் போட்டேன், மேடம் முன்னால் உட்கார்ந்திருந்தார். தாமரையைத் தாண்டியதும் அந்தச் சிவப்புப் பாய் அங்கேயேதான் இருந்தது. அதைச் சுற்றிலும் வெள்ளி வெள்ளியாகச் சின்ன மீன்கள் மின்னி மின்னிக் கொத்திக்கொண்டிருந்தன. பாயில் ஓர் ஓரம் இல்லை.

மேடம் பாயைப் பார்த்தார், பிறகு என்னை. மறுபடியும் பாயை.

"மேடம், எனக்கு நீச்சல் தெரியாதுல்லா," என்றேன்.

"அரைக்கு மேல தண்ணி இல்ல, கேட்டோ."

"சேறு?"

"சேறு உண்டு."

"பாம்பு?"

"நீர்க்கோலிதான். விஷம் இல்ல."

நான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பிரசவத்துக்குப் போகிறவள் மாதிரி முனகியபடி இறங்கினேன். சேறு கணுக்கால்வரை உள்ளே இழுத்தது. திரும்பிப் பார்த்தால், மேடம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க எதுக்கு மேடம்?"

"செஞ்சு காட்டுங்கன்னு வந்தது நான்தானே. பாதி எனக்கு."

இப்படியாக, பார்ப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். சின்ன மீன்கள் கிட்டே வந்தால் உள்ளங்கையால் தண்ணீரை அடிக்க வேண்டும். ஒரு நீர்க்காகம் வந்து பத்தடி தள்ளி முங்கியது. எங்கே எழும் என்று தெரியாமல் நான் நாலு திசைக்கும் சேர்த்து அடித்தேன். "மெல்ல, மெல்ல. குஞ்சு பயப்படும்," என்றார் மேடம். குஞ்சைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருந்தது. என்னைப் பற்றி யார் கவலைப்படுவது? என் கால் பெருவிரலை ஏதோ ஒன்று தொட்டது. அது தாமரைத் தண்டு என்று எனக்கு நானே பன்னிரண்டு தடவை சொல்லிக்கொண்டேன். தண்டு நகர்ந்தது.

கரையிலிருந்து தலைவர் கூவினார்: "படம் குரூப்ல போட்டாச்சு, ஓய்! வாரும், இட்லி ஆறறது!"

என்னால் பேசாமல் நிற்க முடியாது. பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

"மேடம், இந்த நிக்க வைக்கிற பழக்கம் எங்க பிடிச்சீங்க?"

சும்மா கேட்டேன். அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"எஸ்டேட்ல கொழுந்து எடுக்க ஆளுக்கு ஒரு நெரை, ஒரு செடி வரிசை, உண்டு, அண்ணா. நடுவுல ஒருத்தியக் கூப்பிட்டா, கூப்பிட்டவ அவ நெரையில நிக்கணும். இல்லேன்னா கங்காணி அத வேற ஆளுக்குக் கொடுத்துடுவான். தம்பி அழுவுறான்னு ஒரு நாள் எங்கம்மாவ நான்தான் கூப்பிட்டேன். எனக்கு ஏழு வயசு."

"நின்னீங்களா?"

"விளையாடப் போயிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நெரை போச்சு." சட்டென்று கையை நீட்டித் தண்ணீரை அடித்தார். "அங்க பாருங்க, உங்க பக்கம்!"

என் பக்கத்தில் நாலைந்து சின்ன மீன்கள் ஒன்றாகப் புகுந்திருந்தன. அடித்துத் துரத்தினேன். பாயாக இருந்தது இப்போது ஒரு முறத்தின் அளவுதான் இருந்தது. அதற்குள் மழை வலுத்தது. நீர்மட்டம் முழுக்கப் பொத்துப் பொத்தென்று கொதித்ததில் சிவப்பையே காணவில்லை. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். இவ்வளவுக்கும் நான் தின்னப்போகிற மீன்கூட இல்லை அது.

குனிந்து பார்த்தேன். பார்ப்பு என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நின்றது. என் நிழலா, சட்டையா, எதை நம்பி வந்ததோ தெரியவில்லை. மூச்சு விட மேலே வரும்போதெல்லாம் குஞ்சுகளின் வாய் என் சட்டைப் பொத்தானில் இடித்தது. என் சொந்த மகளே கூட்டத்தில் என்னைத் தெரியாதது போல நடந்துபோகிறவள். அந்த நேரத்தில் நீர்க்காகமும் நீர்க்கோலியும் முதலையும் சேர்ந்து வந்திருந்தால்கூட நான் அசைந்திருக்க மாட்டேன். தைரியம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பயம் ஆள் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

"மேடம், அது வராட்டி?"

"கடவுல விட்டா, அதுக்கு வழி தேடணும், அல்லே? தேடட்டும்."

"வேற யாராச்சும் பிடிச்சிருந்தா?"

அவர் உள்ளங்கையால் தண்ணீரை ஓர் அடி அடித்தார்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. முறம் சுருங்கிச் சாப்பாட்டுத் தட்டு ஆயிற்று. கைவிரல்கள் வெளுத்துச் சுருங்கிவிட்டன. கரையில் குடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அப்போதுதான், தாமரைக்கு அடியிலிருந்து ஒரு கோடு தண்ணீரைக் கீறிக்கொண்டு வந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்ததற்கும் என் கெண்டைக்காலில் உணர்ந்ததற்கும் நடுவே இடைவெளியே இல்லை.

நான் போட்ட சத்தத்தில் தாமரைக் கோழிகள் பறந்தன. நீச்சல் தெரியாதவன், சேற்றில் கணுக்கால்வரை புதைந்தவன், எப்படி வள்ளத்துக்குள் வந்தேன் என்பதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் கிடையாது.

மேடம் அப்படியே நின்றார். "கடிச்சதா?"

"கடிச்சுட்டு, மேடம்!"

"நல்லா கடிச்சதா?"

"ரத்தம் வருது!"

"அப்போ அதுதான்," என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பல் தெரிந்த சிரிப்பு. பிறகு மெதுவாக, அலை எழும்பாமல் ஏறி வந்தார்.

வள்ளத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த நோட்டை எடுத்து எழுதினார். இரண்டு வரிதான். மீன் தண்ணீருக்கு வெளியே இருந்த நேரம்: பன்னிரண்டு செகண்ட். மீன் பார்ப்பைப் பிரிந்திருந்த நேரம்: இரண்டு மணி பத்து நிமிடம். கீழே, 'பிடித்தவர் கையெழுத்து' என்று இடம் விட்டு என்னிடம் நீட்டினார்.

தண்ணீருக்குமேல் குரல் நன்றாகக் கேட்கும். "ஓய்! எதுலயும் கையெழுத்துப் போடாதேயும்!" என்றார் தலைவர் கடவிலிருந்து.

இரண்டாவது வரி மேலே போனால் விதிவிலக்குக் கிடையாது. அது எனக்கும் தெரியும். பேனாவைப் பிடித்தேன். ஈரக் கையில் வழுக்கிற்று. மேடம் சேலைத் தலைப்பின் மூலையைப் பிழிந்து நீட்டினார். துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகும் பேனா கையிலேயே இருந்தது. அதற்கு மேலே இன்னொரு வரி எழுதினேன்: 'பார்ப்பு இருப்பதைப் பார்த்த பிறகுதான் எறிந்தேன்.' 'நானும் தலைவரும் பார்த்தோம்' என்று எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். தூண்டில் என் கையில்தான் இருந்தது.

மேடம் அதை இரண்டு முறை படித்தார்.

"இத நான் கேக்கலையே, அண்ணா."

"இல்ல."

"இத வச்சா உங்க பேரு மேல போகும், கேட்டோ. கூப்பிட்டு விசாரிப்பாங்க."

விசாரணை அறை, நீளமான மேஜை, அதன் ஒரு முனையில் நான் தண்ணீர் கேட்டுக்கொண்டு நிற்பது, எல்லாம் கண்முன்னால் வந்தன. "அழிச்சிடலாமா மேடம்?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "போகட்டும்," என்று வந்தது. யார் குரல் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

விசாரித்தார்கள். தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள். மழை தொடங்கினால் இன்று அந்தக் காயலில் பிடிக்கிறவர்களுக்கும் பிடித்து விடுகிறவர்களுக்கும் ஒரே பூட்டு. அந்தக் காகிதம்தான் காரணம் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை, சங்கத்தார் சொல்கிறார்கள். மேடம் அடுத்த வருடமே வடக்கே ஏதோ ஒரு மாவட்டத்துக்குப் போய்விட்டார். எந்தக் காயலில் யாரை நிற்க வைத்திருக்கிறாரோ.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் தெரியாது. கெண்டைக்காலில் என் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு துடுப்பை எடுத்தேன். வள்ளத்தின் பலகையில் கிடந்த என் ஃபோன் ஒருமுறை அதிர்ந்தது. சங்கத்தின் வாட்ஸாப் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்கள். கடவுக்கு நேர்வழி தாமரையை ஒட்டி, பார்ப்பு நின்ற இடம் வழியாகத்தான். வள்ளத்தைத் திருப்பினேன்.

"நேரா வாருமேன், ஓய்!" என்று தலைவர் கத்தினார்.

மேடம் என் துடுப்பின்மேல் கையை வைத்து நிறுத்தினார்.

"சுத்திப் போலாம், அண்ணா," என்றார் குரலைத் தாழ்த்தி. "அந்தப் பக்கம் ஆள் வந்தாச்சு."